டிக்கெட்டில் 'நியா' என்று போட்டிருந்தாலும் குகை வரை போகாது

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மீரி நகரிலிருந்து பஸ் ஏறி, குகைகள் இருக்கும் நியா தேசியப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கிள்ளானிலிருந்து போன நானும் அம்மாவும் நன்றாக ஏமாந்தோம்.

மீரி பஸ் நிலைய முகப்பில், "பூங்கா வரைக்கும் போகுமா?" என்று மலாயில் இரண்டு தடவை கேட்டேன். போகும் என்றார்கள். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது பிந்துலு நகருக்குப் போகிற பஸ். ஒன்றரை மணி நேரம் கழித்து நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அது வெறும் சந்திப்பு. பூங்கா இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

அங்கே ஒருவர் காடியோடு (காரோடு) தயாராக நின்றார். அம்மாவை "மக்சிக், மக்சிக்" (மலாயில் 'அத்தை' மாதிரி) என்று அழைத்துப் பையை வாங்கி வைத்தார். போக வர 40 வெள்ளி (ரிங்கிட்) என்று பேச்சு. பூங்கா வாசலில் "அது ஒரு ஆளுக்கு" என்றார். அம்மா முன்னால் சண்டை எதற்கு என்று 80 வெள்ளி கொடுத்தேன். நாலு மணிக்கு வருகிறேன் என்று போன் நம்பரும் தந்தார்.

குகையைக் குறை சொல்ல மாட்டேன். படகில் ஆற்றைக் கடந்து, மழையில் வழுக்கும் பலகைப் பாதையில் சுமார் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெரிய குகையின் வாயைப் பார்த்ததும் அம்மாவுக்கு முட்டிவலி மறந்துபோனது. 1958இல் ஏறக்குறைய 40,000 ஆண்டு பழமையான மண்டையோடு கிடைத்த இடம் அது. உள்ளே கும்மிருட்டு, வௌவால் எச்ச நாற்றம். டார்ச் இல்லாமல் போகாதீர்கள். 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குச் சந்திப்பிலிருந்து ஒரு சின்ன வேன் விடக்கூடாதா?

நாலு மணிக்கு யாரும் வரவில்லை. போன் இரண்டு முறை அடித்தது, அப்புறம் அணைத்துவிட்டார். கிராப் வாடகைக் காடி செயலியில் ஒரு காடியும் காட்டவில்லை. பிந்துலுக் குடும்பம் ஒன்று இரக்கப்பட்டுச் சந்திப்பில் கொண்டுபோய் விட்டது. மீரிக்கு பஸ் கிடைக்கும்போது இரவு ஏழரை.

மீரியிலேயே போக வர வாடகைக் காடி பேசிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். திரும்பி வருவதற்கான காசைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். ஏறுமுன் காடி நம்பரைப் படம் எடுங்கள். நான் அம்மாவை அந்தக் காடிக்குப் பக்கத்தில் நிறுத்தியே படம் எடுத்தேன். நம்பர் பிளேட்டை அம்மாவின் குடை மறைத்திருக்கிறது.