கேம்ப்ஃபயருக்கு எந்த எல்விஸ்? ஒரே காதல் பாட்டு, அறுபது வருடப் பதிப்புகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த காட்டேஜில் கேம்ப்ஃபயர் போட்டாலும், ராஜா பாட்டெல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் விருந்தினர் கேட்கிற ஆங்கிலப் பாட்டு ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’. கேட்டவர் மனதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரியாமல் கிட்டார்காரர் ஆரம்பித்தால், இரண்டாவது வரியிலேயே ஆளுக்கொரு வேகத்தில் போவார்கள்.

மூலம் எல்விஸ் பிரெஸ்லி, 1961, ‘ப்ளூ ஹவாய்’ படம். படத்தில் இதைப் பாடுவது காதலியின் பாட்டிக்கு, பரிசாக வந்த மியூசிக் பாக்ஸ் ஓட ஓட. மெட்டும் புதிது இல்லை, 1784-ல் மார்ட்டினி போட்ட ‘ப்ளெசிர் தமூர்’ என்ற பிரெஞ்சுப் பாட்டிலிருந்து எடுத்தது. தாளம் நம் திஸ்ர நடைதான்: நான்கு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ‘தகிட’. நிமிடத்துக்கு 65 முதல் 70 தட்டுக்குள் இருந்தால்தான் அந்த ஊஞ்சலாட்டம் நிலைக்கும். மூன்றே நிமிடம், ஒரு சுரம்கூட அதிகம் இல்லை. முழு மதிப்பெண்.

அவரே 70-களின் மேடைகளில் கச்சேரியை இதில்தான் முடிப்பார், ஆனால் நல்ல வேகத்தில். ஆர்கெஸ்ட்ரா பெரிது, பாட்டு சிறிது. ஆண்டி வில்லியம்ஸ் (1970), ஸ்டைலிஸ்டிக்ஸ் (1976) இரண்டும் வேகத்தைக் கூட்டின. ஆடலாம், குளிரில் உட்கார்ந்து கேட்க முடியாது.

யூபி 40 என்ற பிரிட்டிஷ் குழு (1993) வேறு கதை. திஸ்ரத்தைத் தூக்கிவிட்டு நான்கடி ரெகே (ஜமைக்கா பாணி) ஆக்கினார்கள். அமெரிக்க ஹிட் பட்டியலில் எல்விஸுக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது, இவர்கள் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தார்கள். தகும். ஆனால் அதைத் தூக்கி நிறுத்துவது பேஸும் டிரம்ஸும். ஒற்றை கிட்டாரில் அதை வாசித்தால் ‘சிக்கு சிக்கு’ மட்டும்தான் மிஞ்சும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடுங்கள், கையில் எடுக்காதீர்கள்.

மலை இரவுக்குச் சரியானவை பிந்திய இரண்டு. ஹேலி ரைன்ஹார்ட் (2015) பியானோவோடு மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பாடியது, எல்விஸையும் விட நிதானம். கினா கிரானிஸ் ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ (2018) கல்யாணக் காட்சிக்குப் பாடியது விரலால் மீட்டும் கிட்டாரோடு. வாசிப்பவர்கள் பின்பற்ற வேண்டியது இதைத்தான்.

வாசிக்கும் முறை: இரண்டாம் ஃப்ரெட்டில் (கட்டையில்) கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப். சி, ஈ மைனர், ஏ மைனர், எஃப், சி, ஜி என்று கார்டு பிடித்தால் எல்விஸின் டி சுருதி வந்துவிடும். பெண் குரலுக்குக் கேப்போவை 5 அல்லது 7-க்கு ஏற்றிப் பாருங்கள். வலது கையில் கட்டைவிரல் ஒரு பேஸ் தந்தி, பிறகு மெல்லிய தந்திகளில் ஐந்து மீட்டல், ஆக ஆறு. எல்லாத் தந்தியையும் சேர்த்து வீசி ஸ்ட்ரம் செய்தால் எல்லோருக்கும் தானாக வேகம் ஏறிவிடும்.

நடுப்பகுதியில்தான் பெரும்பாலோர் சறுக்குவது. ஈ மைனருக்கும் பி செவனுக்கும் மூன்று முறை போய்வந்து, ஈ மைனர், ஏ செவன், டி மைனர், ஜி என்று திரும்ப வேண்டும். பி செவன் கஷ்டம் என்று பி மைனர் பிடிப்பவர்கள் உண்டு. பாட்டின் ஸ்கேலான சங்கராபரணத்துக்கு வெளியே இருந்து ஒரு காந்தாரம் வந்து ஈ மைனருக்குத் தள்ளிவிடுகிற இடம் அது. பி மைனரில் அந்தச் சுரமே கிடையாது, திருப்பம் சப்பென்று ஆகிவிடும்.

இன்னொன்று, சுருதி. அறைக்குள் சுருதி சேர்த்த கிட்டாரை டிசம்பர் பனிக்கு வெளியே எடுத்து வந்தால் ஸ்டீல் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். அதையே நெருப்புக்கு அருகில் கொண்டுபோனால் தந்தி சூடாகி இறங்கும். வாசிக்கப்போகிற இடத்திலேயே கால் மணி நேரம் வைத்துவிட்டுச் சேருங்கள். கிட்டாரின் முகத்தை நெருப்புப் பக்கம் திருப்பி உட்கார வேண்டாம், பிரிட்ஜ் (தந்திகளைக் கட்டியிருக்கும் கட்டை) ஒட்டியிருக்கும் பசை இளகினால் தந்தி இழுப்பிலேயே அது பெயர்ந்து வரும்.