கும்பகோணத்தில் லினக்ஸ் தெரிந்து ரிப்பேர் பார்க்கும் ஒரு கடை

சுவாமிமலையில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், அப்புறம் இங்குள்ள சிலைப் பட்டறைகளுக்குப் படப் புத்தகம். பத்து வருஷமாக விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில்தான் வேலை. படம் வரைய இங்க்ஸ்கேப்பும் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸும் இருந்தால் எனக்குப் போதும்.

ஆவணி முகூர்த்த நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதிது வாங்கி, மின்ட் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டினேன். ஃபைல் எல்லாம் திறந்தது. தேதியை மாற்றி சேவ் செய்யப் போனால் ‘பெர்மிஷன் டினைடு’. ஃபோல்டர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டிப் பூட்டு.

அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். ஏதோ ஒரு வரி அடித்தார்கள், 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், சேவ் ஆனது. மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பெயர்ப் பட்டியல் இருக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலைத் தொட்டால் ‘இதை ஓட்டவா, காட்டவா’ என்று கேட்கிறது. பிரிண்டருக்கு டிரைவர் போட சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு வேலையைச் செய்ய வைக்கும் கட்டளை) கொடுத்தால் பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் மறுத்துவிடுகிறது. பன்னிரண்டு பத்திரிகை பாக்கி. அழுகையே வந்துவிட்டது.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஒரு சின்ன கடை இருக்கிறது என்று பேப்பர் கடைக்காரர் சொன்னார். சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த தம்பி எடுத்ததும் எதையும் மாற்றவில்லை. பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, பத்து நிமிஷம் வெறுமனே பார்த்தார். ஃபைல்களின் உரிமையாளரையும் அனுமதிகளையும் காட்டும் ‘எல்எஸ் -எல்’ கட்டளையை அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஃபைலின் உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் 1001 என்ற எண் நின்றது.

“அக்கா, பழைய மெஷின்ல உங்க அக்கவுண்ட் ரெண்டாவதா?” என்று கேட்டார். ஆமாம், முதல் கணக்கு அண்ணனுடையது. மின்ட் முதல் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று எண் கொடுக்குமாம். டிஸ்க்கில் பதிவாவது அந்த எண்தான், பெயர் இல்லை. புது கம்ப்யூட்டரில் நான் 1000. அதனால் என் ஃபைலுக்கே நான் அயலாள். படிக்கலாம், எழுத முடியாது. கோளாறு அவ்வளவுதான். உரிமையாளரை மாற்றும் ‘சிஎச்ஓன்’ ஒன்றே போதும், அதையும் அந்த டிஸ்க்குக்கு மட்டும் கொடுத்திருந்தால் போதும்.

முந்தைய கடையில் செய்தது அனுமதிகளை மாற்றும் ‘சிஎச்மோட் 777’, அதுவும் சிஸ்டத்தின் அடிவேரிலிருந்து. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் மூவருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். அதில் சூடோவுக்கு இருந்த செட்யூஐடி என்ற தனி அடையாளம் அழிந்துபோனது. சாதாரண ஆள் ஓட்டினாலும் ரூட்டின், அதாவது சிஸ்டத்தின் தலைமை நிர்வாகியின், அதிகாரத்தோடு ஓட வைப்பது அதுதான். (யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி 1979-ல் காப்புரிமை பெற்ற யோசனை அது. வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.)

“ஒவ்வொண்ணா பழையபடி வைக்கப் பார்க்கலாம்கா, ஆனா நம்பி உங்ககிட்ட கொடுக்க முடியாது. சிஸ்டத்தை மட்டும் புதுசா போட்டுடறேன்” என்றார். அதைச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் என் ஃபைல் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் நகல் எடுத்தார். பிறகு உரிமையை என் பெயருக்கு மாற்றி, ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 என்று தனித்தனியாகக் கொடுத்தார். ஃபோல்டருக்கு எதற்கு அந்த இயக்கும் உரிமை என்று கேட்டேன். “திண்ணையில உக்காந்து உள்ள யார் யார் இருக்காங்கன்னு கேட்டுக்கலாம்கா, ஆனா கூடத்துக்குப் போக வாசப்படி தாண்டணும்ல, அதுக்குத்தான்” என்றார். இனி மறக்காது.

குறை இல்லாமல் இல்லை. என் தமிழ் ஃபான்ட்டுகளைத் திரும்பப் போட மறந்துவிட்டார், நானே போட்டுக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை மட்டும் சரியாக வைத்திருந்தார். ரசீது கேட்டால்தான் கிடைக்கும். கரண்ட் போனால் வேலை நின்றுவிடுகிறது, எனக்கு அப்படி ஒன்றரை மணி நேரம் போனது.

மொத்தம் 700 ரூபாய் ஆனது. சாயங்காலம் கொடுத்து மறுநாள் மதியம் வாங்கினேன். பன்னிரண்டு பத்திரிகையும் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. லினக்ஸ் வைத்திருக்கும் யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாடிப்படி குறுகல், செங்குத்து. சிபியூவைப் பிடிக்க இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.