விவாகரத்துப் பிரமாணப் பத்திரத்துக்கு ரூ.38,500 கொடுத்து ஏமாந்தேன்: எச்சரிக்கை

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். விவாகரத்து மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் வீட்டிலிருந்தபடியே தயாரித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவையிடம் ரூ.38,500 இழந்திருக்கிறேன்.

கணவர் என்னை விட்டுப் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அந்தச் சேவையிலிருந்து தொலைபேசியில் பேசியவர் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். நான் அழுதபோது, "அழாதீங்க அக்கா, இனி இது எங்க பொறுப்பு" என்றார். சொந்த வீட்டார்கூட அப்படிப் பேசாத நாட்கள் அவை. அந்தச் சொல்லை நம்பி, வளையலை அடகு வைத்து முழுப் பணத்தையும் கட்டினேன். மற்ற பக்கங்களை அச்சிட்டுச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னதால், கையெழுத்துப் பக்கங்களில் மட்டும் ஒப்பமிட்டு அனுப்பினேன்.

தாக்கல் செய்வதற்காக ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோனபோது, அவர் முதலில் கேட்டது பிரிந்த தேதியைத்தான். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 13-இன்படி, கைவிட்டுச் சென்றதைக் காரணமாகக் காட்ட, மனுவுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும். அதற்குப் பொருந்தும்படி, கணவர் போன தேதியை ஓராண்டு முந்தையதாக மாற்றி, அது உண்மையென்று நான் சத்தியம் செய்வதாக எழுதியிருந்தார்கள். நான் கண்ணாலும் பார்த்திராத ஒரு நோட்டரியின் முத்திரையும் அதில் இருந்தது. தாக்கலாகியிருந்தால் பொய்ச்சாட்சியக் குற்றம் என் தலையில்தான் விழுந்திருக்கும். நீதிமன்ற நடவடிக்கையில் அதற்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவு.

கேட்டதற்கு, முதலில் "சரிபார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். பிறகு "கையெழுத்து உங்களுடையதுதானே" என்றார்கள். கடைசியில், ஆவணம் அனுப்பியபின் பணம் திரும்பாது என்று ஒரு வரியில் முடித்தார்கள். அக்கா என்று அழைத்தவர் என் அழைப்பை எடுப்பதேயில்லை. ரூ.38,500!

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன். இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. முழுப் பத்திரத்தையும் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நோட்டரி முன் நேரில் நின்றே ஒப்பமிடுங்கள். கணவரும் சம்மதித்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தாலே போதுமானது. எனக்கு அதை அவர்கள் சொல்லவேயில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. பணத்தைக் கட்டுவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்க் கேளுங்கள்.