எடை குறைந்த வண்டிக்கு எந்த டயர்? செம்மண் பாதையில் ஓராண்டு அனுபவம்

காரைக்குடியில் குடியிருந்துகொண்டு, வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையிலும் ஒரு நாள் மட்டும் தேவகோட்டைப் பக்கத்திலுள்ள தைலமரத் தோப்புக்குப் போகும் செம்மண் வண்டிப்பாதையிலும் மாருதி சுஸுகி ஜிம்னி என்ற சிறு ஜீப் வகை வண்டியை ஓட்டுகிறவன் நான். வண்டியோடு வந்த எச்.டி. வகை நெடுஞ்சாலை டயர்களில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) தேய்ந்ததும், 195/80 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம்) என்ற அதே அளவில் யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி. ஜி015 டயர்களை மாட்டினேன். ஏ.டி. என்றால் தார், மண் என எல்லாத் தரைக்கும் பொதுவான வகை. ஓராண்டு ஓட்டிய பிறகு எழுதும் இந்த மதிப்பீட்டில் டயரின் குணத்தைவிட, அதைத் தேர்ந்தெடுத்த கணக்கையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த வண்டிக்காரர்களில் பலர் தவறுவது அங்கேதான்.

ஐந்து கதவு ஜிம்னியின் எடை ஏறக்குறைய 1200 கிலோ. ஆளும் சுமையும் ஏற்றி அதிகபட்சம் 1545 கிலோ வரை போகலாம். டயரின் பக்கவாட்டில் சுமை எண் 96 என்று பொறித்திருந்தால், அந்த ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். நான்குக்கும் சேர்த்து 2840 கிலோ. அதாவது வண்டிக்குத் தேவையானதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அப்படியிருக்க, பாரம் ஏற்றும் வேன்களுக்கும் பிக்கப்புகளுக்கும் செய்யப்பட்ட எல்.டி. வகை டயரை, அதிகப் பிளை (உள்ளடுக்கு) கொண்டது என்பதற்காக இந்த வண்டிக்கு மாட்டுவது வீண் செலவு மட்டுமன்று, கெடுதலும் கூட. அந்த டயரின் தடித்த பக்கச்சுவர் இவ்வளவு குறைந்த எடைக்கு வளைந்து கொடுக்காது. வளையாத டயர் கல்லின்மீது படியாமல் துள்ளும். காற்றைக் குறைத்தாலும் தரையைப் பரந்து பிடிக்காது. ஒரே அளவில் இரண்டு வகைக் கட்டுமானமும் விற்பனைக்கு வருவதுண்டு என்பதால், அளவை மட்டும் சொல்லி வாங்காமல் இந்தச் சுமை எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

நான் முதலில் போன கடையில் எனக்கு எம்.டி. எனப்படும் சேற்று டயரைத்தான் காட்டினார்கள். "அண்ணே, இந்த வண்டிக்கு முரட்டு டயர் போட்டாத்தான் எடுப்பா இருக்கும்" என்றார் கடைக்காரத் தம்பி. எடுப்பாக இருக்கும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பட்டன்களுக்கு இடையே அகன்ற பள்ளம் விட்ட அந்த டயர் சேற்றுக்காகப் பிறந்தது. மழை நனைத்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது தரையைத் தொடும் ரப்பர் அதில் குறைவு, இரைச்சலோ அதிகம். திருமயம் வழியாகத் திருச்சிக்கு மாதம் இருமுறை போய்வருகிறவன், ஆண்டில் சில நாள் வரும் சேற்றுக்காக மற்ற நாளெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பெரிய அளவுக்குப் போகும் ஆசையும் எழாமல் இல்லை. 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ.; பழைய அளவின் விட்டம் 693. பத்து மில்லிமீட்டர் கூடினால் வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது ஐந்து மில்லிமீட்டர்தான், ஏனென்றால் பாதி மேலே போய்விடுகிறது. 210 மி.மீ. இடைவெளி ஏற்கெனவே உள்ள வண்டிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 235/75க்குப் போனால் விட்டம் 733 ஆகும். அப்போது என்ஜினின் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை சுமார் 127 ஆகக் குறைந்ததைப் போன்ற இழுவைதான் சக்கரத்தில் கிடைக்கும். இந்த 1.5 லிட்டர் என்ஜினிடம் இழப்பதற்கு அவ்வளவு மிச்சம் இல்லை.

ஆகவே அதே அளவு, பயணிகள் வண்டிக்கான கட்டுமானம், ஏ.டி. பட்டன் என்று முடிவு செய்தேன். செட்டிநாட்டுத் தரை இந்த முடிவைப் பல விதமாகச் சோதித்தது. கோடையில் செம்புராங்கல் பாறைமீது உருளைச் சரளை பரவிக் கிடக்கும் பாதையில், பழைய டயர் கோலிக்குண்டின் மேல் நிற்பதுபோல் வழுக்கும். இந்த டயரின் பட்டன் விளிம்புகள் சரளைக்குள் இறங்கிப் பிடிக்கின்றன. காற்றை 20 பிஎஸ்ஐ வரை குறைத்துக்கொண்டால் அதிர்வும் பாதியாகக் குறைகிறது. தார்ச்சாலை ஏறுமுன் சிறு மின் பம்பால் மறுபடி நிரப்பிக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் செம்மண்ணின் மேல்தோல் மட்டும் சோப்புப் போட்டதுபோல் ஆகி, அடியில் கெட்டியாக இருக்கும் நாட்களிலும் நான்கு சக்கர இயக்கத்தோடு தோப்புவரை தடையின்றிப் போக முடிந்தது. கண்மாய்க்குள் படிந்த வண்டல் களி வேறு கதை. பத்தடி போவதற்குள் பட்டன் முழுதும் களி அப்பி, ஏ.டி. டயர் மொட்டை டயராகிவிடுகிறது. எம்.டி. டயர் அந்தக் களியைச் சுழற்றி எறிந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் டிராக்டரை அழைத்தேன்.

எங்கள் பக்கத்தில் டயருக்கு உண்மையான பகை கல்லன்று, சீமைக்கருவேல முள். வேலிக்கு வெட்டிப் போட்ட காய்ந்த முள் வண்டிப்பாதையில் கிடந்தால் எந்தக் கம்பெனி டயரானாலும் குத்தும். பட்டன் பகுதியில் ரப்பர் தடித்திருப்பதால் சிறு முட்கள் உள்ளே போகாமல் ஒடிந்து நின்றுவிடுகின்றன. பக்கவாட்டில் ஏறினால் ஒட்டிப் பயனில்லை, டயரையே மாற்ற வேண்டும். ஆகையால் வாய்க்கால் கரையோரம் வண்டியை ஒதுக்கும்போது நான் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்குகிறேன்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. இந்த வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். இடையில் வேற்றுமையைச் சரிக்கட்டும் டிஃபரென்ஷியல் கிடையாது. முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் அந்த வேற்றுமை முழுவதும் கியர்களின் தலையில் விழும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் இதே விதி பொருந்துவதால் ஐந்தாகவே வாங்கி, டயர்கள் சீராகத் தேய அவற்றை முன்னும் பின்னுமாக இடமாற்றும்போது அதையும் சுற்றில் சேர்த்துக்கொண்டேன்.

எச்.டி. டயரோடு ஒப்பிட்டால் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது, இது ஏ.டி. வகைக்கே உரியது, பாட்டுப் போட்டால் மறைந்துவிடும். இறுதியில் நான் வாங்கியது இரண்டாவதாகப் போன கடையில்தான். அங்கே பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணை நான் கேட்குமுன்னரே காட்டினார்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்தும் ஒரே மாதத்துச் சரக்கு. பேலன்சிங் முடித்து, சக்கர நட்டுகளை நட்டு முறுக்கும் துப்பாக்கிக் கருவியால் முறுக்கிவிடாமல் கையால் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வரச் சொன்னார்கள். போனபோது அதற்குக் காசு வாங்கவில்லை.