கடலூர், பாண்டி பக்கம் கேட்டுக்கு ஆக்சஸ் கண்ட்ரோல் (கார்டு காட்டினால் திறக்கும் ஏற்பாடு) போடப் போகிறவர்கள் படிக்கவும்: ரூ. 1,86,000 போய்விட்டது

ரூ. 1,86,000. ஜி.எஸ்.டி. சேர்த்து. கடலூர் சிப்காட்டில் ஒரு சின்ன கெமிக்கல் யூனிட்டுக்கு ஆள் நுழையும் வழியில் ட்ரைபாட் டர்ன்ஸ்டைல் (மூன்று கை சுழன்று ஒவ்வொருவராக விடும் தடுப்பு) ஒன்று, ஸ்டோர் கதவுக்கு இ.எம். லாக் (மின்காந்தப் பூட்டு) ஒன்று, கார்டைப் படிக்கும் ரீடர், திறக்கலாமா என்று முடிவெடுக்கும் கன்ட்ரோலர், 60 கார்டு, பேட்டரி பேக்கப், ஃபிட்டிங் எல்லாம் சேர்ந்த தொகை. வாங்கியது ஓர் ஆன்லைன் மொத்த வியாபாரத் தளம் மூலம், பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சைக் குறி வைத்திருந்த பாண்டிச்சேரி டீலரிடம். பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்தாயிற்று. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கொட்டேஷனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 13.56 மெகாஹெர்ட்ஸ் என்கிரிப்டட் (தகவலைப் பூட்டி வைத்த) கார்டு, கதவுக்கு உள்பக்கம் தனிப் பெட்டியில் கன்ட்ரோலர், 1200 பவுண்டு இழுப்பைத் தாங்கும் லாக், டர்ன்ஸ்டைலுக்கு எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை) உடம்பு, 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி என்று வரிக்கு வரி எழுதி, சீல் வைத்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். இடம் பார்க்க வந்தவர், கெமிக்கல் யூனிட் என்றதுமே, “ஏதாவது லீக் ஆச்சுன்னா உள்ள யார் யார் இருக்காங்கன்னு ஒரே பட்டன்ல லிஸ்ட் வந்துடும் சார், அதுக்குத்தான சார் இது” என்றார். 2021 மே மாதம் இதே சிப்காட்டில் ஆலை விபத்தில் உயிர்கள் போனதைப் பார்த்த ஊர் இது. அந்த லிஸ்டின் அருமை தெரிந்து பேசுகிற ஆள் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? ஃபிட்டிங் முடிந்ததும் பதிந்த கார்டை வைத்தார், பச்சை விளக்கு எரிந்து கை சுழன்றது. பதியாத கார்டை வைத்தார், சிவப்பு. அன்றைக்கே பேலன்ஸும் போய்விட்டது. மொத்தம் ரூ. 1,86,000.

லீவில் ஊருக்குப் போயிருந்த ஒருவரின் எண் இரவு ஷிஃப்டில் கேட்டைத் திறந்திருக்கிறது என்று பதிவில் வந்தபோதுதான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம்.

முதலில் கார்டு. வந்திருப்பது 125 கிலோஹெர்ட்ஸ் சாதாரண கார்டு. அதில் ரகசியம் எதுவும் கிடையாது. ரீடர் பக்கத்தில் போனதும் தன் எண்ணைச் சொல்லும், யார் கேட்டாலும் சொல்லும். கையடக்கக் காப்பி மெஷினில் சில நொடிகளில் இன்னொரு வெற்றுக் கார்டில் எழுதிவிடலாம். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். என்.எஃப்.சி. (பக்கத்தில் வைத்த கார்டைப் படிக்கும் வசதி) உள்ள போனில் அதை ஆன் செய்து, கார்டைப் போனின் முதுகில் வையுங்கள். 13.56 கார்டு என்றால் போன் சத்தம் கொடுக்கும், 125 என்றால் அசையாது. 13.56 என்றாலே நிம்மதி என்றும் இல்லை. 13.56 வகையிலேயே பழைய மைஃபேர் கிளாசிக் கார்டின் பாதுகாப்பை 2008லேயே ஆய்வாளர்கள் உடைத்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய டெஸ்ஃபயர் ஈ.வி.2 அல்லது ஈ.வி.3 கார்டு கேளுங்கள். ரீடர் கார்டின் மேலோட்டமான வரிசை எண்ணை மட்டும் படிக்கிறதா, பூட்டி வைத்த தகவலைப் படிக்கிறதா என்றும் எழுதி வாங்குங்கள். வரிசை எண்ணை மட்டும் படித்தால் விலை உயர்ந்த கார்டு வாங்கியும் பயனில்லை.

அடுத்தது கன்ட்ரோலர். தனிப் பெட்டியே இல்லை. வெளிச்சுவரில் மாட்டிய ரீடருக்குள்ளேயே ரிலே (லாக்கைத் திறக்கும் சுவிட்ச்) இருக்கிறது. அடியில் உள்ள திருகைக் கழற்றினால் லாக்குக்குப் போகும் ஒயர் வெளியில் நிற்கிறவன் கைக்கு வந்துவிடும், கார்டே தேவையில்லை. மாஸ்டர் குறியீடும் கம்பெனியிலிருந்து வந்த 123456 தான், மாற்றவே இல்லை. வெளியே ரீடர் மட்டும் இருக்க வேண்டும், முடிவெடுக்கும் பெட்டி உள்ளே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தகவலை அப்படியே அனுப்பும் பழைய வீகண்ட் ஒயரிங்கைவிட, செக்யூர் சேனல் ஆன் செய்து தகவலைப் பூட்டி அனுப்பும் ஓ.எஸ்.டி.பி. முறை நல்லது.

லாக் 1200 பவுண்டு இல்லை, 600. கிலோவில் சொன்னால் சுமார் 540க்குப் பதில் 270. அதிலும் கதவில் மாட்டும் இரும்புத் தகட்டை ரப்பர் வாஷர் இல்லாமல் இறுக்கித் திருகியிருக்கிறார்கள். தகடு கொஞ்சம் ஆடினால்தான் காந்தத்தோடு முழுசாகப் படியும். ஒரு ஓரம் தூக்கினாலும் பிடிமானம் வெகுவாகக் குறையும். தோளால் ஒரு இடி, கதவு திறந்துவிட்டது.

பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. இ.எம். லாக் கரண்ட் போனால் திறந்துகொள்ளும், ட்ரைபாட்டின் கையும் கீழே விழுந்துவிடும். உயிர் காக்க அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால்தான் பேட்டரி கட்டாயம். 600 பவுண்டு லாக் ஒன்று அரை ஆம்பியர் இழுக்கும், ரீடரையும் சேர்த்து 0.7 என்று வைத்தால் 7 ஏ.எச். பேட்டரி கணக்குப்படி 10 மணி நேரம், நடைமுறையில் அதைவிடக் குறைவு. தானே புயலில் பல நாள் இருட்டில் கிடந்த மாவட்டத்தில், பேட்டரிக்குக் காசு வாங்கிக்கொண்டு வெறும் அடாப்டரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

டர்ன்ஸ்டைல் உடம்பும் 304 இல்லை, மலிவான 202 எஃகு. காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டிலுமே சரியாக ஒட்டாது. 202இல் அதிகமாக இருக்கும் மாங்கனீஸைக் காட்டும் சொட்டு ரசாயன கிட் கிடைக்கிறது, அதுதான் சோதனை. கடற்காற்றும் ஆசிட் புகையும் உள்ள இடத்தில் 304 கூடக் கறை பிடிக்கும். 316 அதைவிட நன்றாகத் தாங்கும்.

எல்லாவற்றையும்விட மனசு ஆறாதது அந்த லிஸ்ட். வெளியேறும் பக்கம் ரீடரே வைக்கவில்லை, ஒரு பட்டன்தான். வெளியே போனவர் யார் என்று மெஷினுக்குத் தெரியவே தெரியாது. பிறகு உள்ளே இருப்பவர் யார் என்று எப்படிச் சொல்லும்? ஆபத்து நேரத்தில் அதை நம்பி, வீட்டுக்குப் போய்விட்டவரைத் தேடி ஒருவர் புகைக்குள் ஓடினால் யார் பொறுப்பு?

போன் செய்தால், “கார்டு எல்லாம் ஒண்ணுதான் சார், ரீடர் படிக்குதுல்ல?” பிறகு, “டெக்னீஷியன் காரைக்கால் போயிருக்காரு, திங்கக்கிழமை வந்துடுவாரு.” துருவைப் படம் எடுத்து அனுப்பினால், “உப்புக் காத்து சார், வாரண்டில வராது.” கடைசியாக, “இன்னும் 42,000 போடுங்க, ஃபிங்கர்பிரிண்ட்டா மாத்தித் தரேன்.” ஆசிடிலும் காஸ்டிக் சோடாவிலும் புழங்குகிற கையில் ரேகை தேய்ந்திருக்கும். பண்ருட்டியில் முந்திரி உடைத்தே ரேகை தேய்ந்தவர்கள் விரலைப் பார்த்தவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மெஷின் படிக்காமல் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசை நீண்டால், வாட்ச்மேன் கையாலேயே திறந்துவிடுவார். அந்தத் தளத்திலோ, “நாங்கள் இரு தரப்பையும் அறிமுகம் மட்டுமே செய்கிறோம்” என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். பச்சைக் குறி யார் போட்டது என்றால் பதில் இல்லை. ரூ. 1,86,000க்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சில:

டெமோவில் கேட் திறப்பதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ரீடரைக் கழற்றி, கதவைத் தள்ளிப் பார்த்த பிறகு பேலன்ஸ் கொடுங்கள்.

பில்லில் ‘ஆக்சஸ் சிஸ்டம் 1 செட்’ என்று எழுத விடாதீர்கள். மாடல் எண்ணோடு ஒவ்வொரு பொருளும் வர வேண்டும்.

கம்பெனிக்கு வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையத்தில் பொதுவாக இடமில்லை, 2019 சட்டம் வணிக நோக்கத்தை விலக்குகிறது. கொட்டேஷன், வாட்ஸ்அப், பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள், வக்கீல் நோட்டீஸுக்கும் போலீஸ் புகாருக்கும் அவைதான் ஆதாரம்.

உள்ளே ஆள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, இரவில் ஸ்டோர் கதவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டும் போடுங்கள்.