10 அங்குல ஸ்லைடிங் மைட்டர் சாவா, 12 அங்குல சாதா மெஷினா?

பட்டறைக்கு மைட்டர் சா (மரச்சட்டத்தைக் கோணம் வைத்துக் குறுக்கே அறுக்கும் மெஷின்) வாங்கப் போகிறவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் நிற்கும். ஒன்று 12 அங்குல பிளேடு போட்ட சாதா காம்பவுண்ட் (திருப்பியும் சாய்த்தும் வெட்டும்) மெஷின். தலை மேலும் கீழும் மட்டும் இறங்கும். இன்னொன்று 10 அங்குல பிளேடு போட்ட ஸ்லைடிங். தலை ரெயிலில் முன்னும் பின்னும் ஓடும். மரச்சாமான், நிலை, ஷெல்ஃப், படிப்பலகை எல்லாம் கலந்து செய்கிற பட்டறை என்றால் என் சாய்வு ஸ்லைடிங் பக்கம்தான். ஆனால் அதன் ரெயிலைப் பார்த்து வாங்கி, ரெயிலைப் பார்த்து வைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு மட்டும்.

வெட்டும் அகலத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். 12 அங்குல சாதா மெஷின் நேர்வெட்டில் சுமார் 200 மி.மீ. போகும், 45 டிகிரியில் சுமார் 140. 10 அங்குல ஸ்லைடிங் நேர்வெட்டில் சுமார் 305, 45 டிகிரியில் 210-ஐ ஒட்டி. சமையலறை மேல் கபோர்டின் 12 அங்குல ஷெல்ஃபும் படிப்பலகையும் ஸ்லைடிங்கில்தான் ஒரே வெட்டில் வரும். கீழ்க் கபோர்டின் 22 அங்குலப் பலகைக்கு இரண்டுமே உதவாது; அதற்கு டேபிள் சாவோ டிராக் சாவோதான்.

உயரத்தைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். 216 மி.மீ. பிளேடு போட்ட சின்ன ஸ்லைடிங்குகள் எடை குறைவு, அகலமும் 300-க்கு மேல் போகும். உதாரணத்துக்கு பாஷ் ஜிசிஎம் 8 எஸ்ஜேஎல் 312 மி.மீ. அகலம் வெட்டும், எடை 17 கிலோ சொச்சம். ஆனால் உயரம் 70 மி.மீ.தான். நம் ஊர் கதவு நிலைக்கு வரும் 5-க்கு 3 அங்குலச் சட்டம் முழு அளவில் 127-க்கு 76 மி.மீ. அந்த 6 மி.மீ. போதாமல் ஒவ்வொரு சட்டத்தையும் புரட்டி இரண்டு தடவை வெட்டவேண்டும், நடுவில் ஒரு படி விழும். 10 அங்குல ஸ்லைடிங்கில் உயரம் 90 மி.மீ.யை ஒட்டி வரும் என்பதால் 3 அங்குலம் தாராளமாகப் போகும். 10 அங்குல சாதா மெஷினில் உயரம் சரியாக இருந்தாலும் 127 அகலத்தில் கடைசி ஓரம் நின்றுபோக வாய்ப்பு உண்டு. நிலை வேலையே கிடையாது, பிளைவுட்டும் பீடிங்கும் மட்டும்தான் என்கிறவருக்கு 216 போதும். அவர் கூடுதல் எடையைத் தூக்கவேண்டியதில்லை.

பெரிய பிளேடு என்றால் வேகமாக வெட்டும் என்ற எண்ணம் தவறு. 216 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5500 சுற்று, 255 மி.மீ. 4600 சுற்று, 305 மி.மீ. 3800 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் பல்நுனி ஓடும் வேகம் மூன்றிலும் நொடிக்கு 60-லிருந்து 62 மீட்டர்தான். வித்தியாசம் பிளேட்டின் விறைப்பில் இருக்கிறது. ஒரே கனத்தில் 305 மி.மீ. தகடு 255-ஐ விட எளிதாக நெளியும். காய்ந்த தேக்கில் ஒரு கணுவை மோதும்போது 12 அங்குல மெல்லிய பிளேடு விலகி ஓடுவதை வெட்டின் முகத்தில் விரலால் தடவினாலே தெரியும், லேசான வளைவாக இருக்கும். பிளேடு விலையும் சாணை பிடிக்கும் கூலியும் அளவுக்கேற்ப ஏறும். 10 அங்குல பிளேடு கிடைக்காத ஹார்டுவேர் கடை குறைவு. நடுத்துளை மட்டும் மெஷினுக்கு மெஷின் மாறும்: 30, 25.4, 15.88 மி.மீ. என்று. வாங்குமுன் அளந்துவிடுங்கள். மேலே சொன்ன காரணங்களிலேயே 12 அங்குலம் எனக்குப் பாதி தோற்றுவிட்டது.

ஆனாலும் சாதா மெஷினுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அசையும் மூட்டு அதில் குறைவு. தலை ஒரே ஒரு கீலில் இறங்குகிறது. ஒரு தடவை மூலைமட்டம் வைத்துச் சரிசெய்தால் மாதக்கணக்கில் நிற்கும். மக்கிட்டா எல்எஸ் 1040 போன்ற 10 அங்குல சாதா மெஷின் 11 கிலோதான், மாடிப்படியில் ஒரு கையில் ஏறிவிடும். தினம் ஒரு வீடு மாறும் இன்டீரியர் குழுவுக்கு அதுதான் சரி, வாதமே இல்லை.

ஸ்லைடிங்கில் தலை, கீல், ரெயில், புஷ் (ரெயில் ஓடும் உறை), மேசை என்று சங்கிலி நீள்கிறது. ரெயிலை முழுதாக இழுத்து நிறுத்தினால் அந்த எடை முழுவதும் முன்னால் தொங்கும். அகலமாக வெட்டுவதற்குத்தான் இதை வாங்குகிறோம். அகலம் கூடக்கூடப் பிழையும் விரியும். 0.1 டிகிரி தப்பு 100 மி.மீ. அகலத்தில் 0.17 மி.மீ., கண்ணுக்குத் தெரியாது. அதே தப்பு 300 மி.மீ. ஷெல்ஃபில் அரை மி.மீ. அந்த ஷெல்ஃப் கபோர்டின் பக்கப் பலகையில் ஒரு முனையில் உட்காரும், மறுமுனையில் அட்டை நுழையும். கண்ணாடிச் சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. வெட்டுக்கு 0.1 டிகிரி வீதம் ஒரே பக்கம் சேர்ந்தால் கடைசி மூலையில் 0.8 டிகிரி. 75 மி.மீ. அகலச் சட்டத்தில் அது சுமார் 1.5 மி.மீ. வாய் திறந்து நிற்கும். மக்குப் போட்டு அடைக்கிற இடம் அதுதான்.

ஆகவே ஸ்லைடிங் வாங்குவதானால் கடையிலேயே பத்து நிமிடம் செலவழியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யவேண்டிய வேலை இது.

முதலில் ஆட்டம். தலையை இறக்கிப் பூட்டுப் பின்னைப் போட்டு, ரெயிலை முழுதாக முன்னால் இழுங்கள். மேசையில் ஒரு பென்சிலை பிளேட்டின் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, கைப்பிடியை ஒரு விரலால் மட்டும் பக்கவாட்டில் அழுத்துங்கள். அழுத்தும்போது நகர்ந்து, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தால் அது உலோகத்தின் நெளிவு, எல்லா மெஷினிலும் கொஞ்சம் இருக்கும். ‘டக்’ என்று இடம் மாறி அங்கேயே நின்றுவிட்டால் ரெயிலுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. புது மெஷினில் அப்படி இருந்தால் அந்தப் பீஸ் வேண்டாம், வேறு பீஸ் கேளுங்கள். பல மாடல்களில் ஒரு ரெயில் பேரிங்கில் ஓடும், மற்ற ரெயிலில் சின்ன அலன் திருகுகள் புஷ்ஷை அழுத்தியிருக்கும். ஓடி ஓடி வரும் ஆட்டத்தை அந்தத் திருகில் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிச் சரிசெய்யலாம். அதிகம் இறுக்கினால் தலை விக்கி விக்கி ஓடும், அந்த விக்கல் வெட்டில் வரிவரியாகப் பதியும்.

இரண்டாவது, ரெயில் ஓடும் பாதையும் பிளேடும் ஒரே திசையா என்பது. ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, மேசையில் கிளாம்ப் போட்ட மூலைமட்டத்தின் காலைத் தொடவிடுங்கள். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி, ரெயிலை நகர்த்தி, காலின் அதே இடத்தில் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் பிளேடு கோணலாக இழுபடுகிறது. வெட்டு வாய் அகலும், ஒரு பக்க முகத்தில் கீறலும் கருகலும் வரும். ஃபென்ஸை (மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பை) எவ்வளவு திருப்பினாலும் இது போகாது. சில மாடல்களில் கைக்கீலின் போல்ட்டில் சரிசெய்ய இடம் உண்டு, பலவற்றில் இல்லை. அதனால்தான் கடையிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

இவை இரண்டும் தேறினால்தான் ஃபென்ஸ். மூலைமட்டத்தின் ஒரு காலை ஃபென்ஸில் ஒட்டி, புள்ளி வைத்த பல் மறுகாலை உரசியபடி ரெயில் முழு நீளமும் ஓடுகிறதா என்று பார்த்து போல்ட்டை இறுக்குங்கள். பிளேடு நிற்கும் இடத்தில் மட்டும் மட்டம் வைத்துப் பார்ப்பது சாதா மெஷினுக்குப் போதும், இதற்குப் போதாது. கடைசிச் சரிபார்ப்பு மரத்தில்தான். 300 மி.மீ. அகலமுள்ள, இரண்டு ஓரமும் இணையான பிளைவுட் துண்டை நடுவில் வெட்டி, ஒரு பாதியைப் புரட்டி, இரண்டின் ஓரத்தையும் ஒரு நேர்மட்டத்தில் ஒட்டி வெட்டு முகங்களைச் சேருங்கள். தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப் போல் இரண்டு மடங்கு. முழு அகலத்தில் அரை மி.மீ.க்குள் இருந்தால் மரச்சாமான் வேலைக்கு நல்ல மெஷின்.

பராமரிப்பில் பலர் கெடுப்பது ரெயிலுக்கு கிரீஸ் பூசித்தான். கிரீஸும் எம்டிஎஃப் தூளும் சேர்ந்தால் அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும், புஷ்ஷை ராவித் தின்றுவிடும். ரெயிலை உலர்ந்த துணியால் தினம் மாலை துடைத்தால் போதும். வாரம் ஒரு தடவை உலர் டெஃப்லான் ஸ்பிரே அடித்து, உடனே துடைத்துவிடுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ரெயிலில் துருப்புள்ளி வரும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் தொட்டுத் தடவி, காலையில் வேலைக்கு முன் சுத்தமாகத் துடைத்தெடுக்கவேண்டும். தூக்கும்போது தலையை இறக்கிப் பின் போட்டு, ரெயிலைப் பூட்டி, அடித்தட்டைப் பிடித்துத் தூக்குங்கள். மேல் கைப்பிடியில் தூக்கினால் 25 கிலோவும் ரெயில் மூட்டில்தான் தொங்கும்.

இடம் இன்னொரு விஷயம். ரெயில் பின்னால் நீளும் மாடலுக்குச் சுவரிலிருந்து ஒரு அடிக்கு மேல் விடவேண்டும். 10-க்கு 12 அடி அறையில் அது கனமான விலை. மக்கிட்டா எல்எஸ் 1019-இல் ரெயில் பின்னால் நீளாமல் முன்பக்கம் நிற்கும். பாஷ் ஜிசிஎம் 12 ஜிடிஎல்லில் ரெயிலே இல்லை, மடங்கும் கைகள் இருக்கும். இரண்டையும் சுவரோடு ஒட்டி வைக்கலாம். மடங்கு கையில் தூள் படியும் ரெயில் இல்லாதது உண்மையான லாபம். ஆனால் அந்த மாடல் 32 கிலோ, வைத்த இடத்தைவிட்டு நகர்த்த இரண்டு பேர் வேண்டும்.

இனி வெட்டும் முறை. ஸ்லைடிங்கில் தலையை முன்னால் இழுத்து, மரத்துக்கு மேலே நிறுத்தி, மோட்டாரை முழு வேகத்துக்கு வரவிட்டு, இறக்கி, ஃபென்ஸை நோக்கித் தள்ளவேண்டும். இழுத்து வெட்டக் கூடாது. கீழ்ப்பற்கள் நம்மிடமிருந்து விலகிப் பின்னோக்கி ஓடுகின்றன. இழுத்தால் பிளேடு மரத்தின் மேல் ஏறி நம் மேல் பாயும். வெட்டி முடிந்ததும் ஸ்விட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்குங்கள். ஓடும் பிளேட்டைத் தூக்கும்போதுதான் துண்டு பறக்கிறது. 4 அங்குலத்துக்குள் இருக்கும் சட்டத்துக்கு ரெயிலைப் பூட்டிக் குத்து வெட்டாகவே (தலையை நேரே கீழே இறக்கி) வெட்டுங்கள், ஆட்டத்தின் தொல்லை பாதி குறையும். வளைந்த சட்டத்தின் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொடவேண்டும். மாற்றி வைத்தால் வெட்டு வாய் மூடி பிளேட்டைக் கவ்வும். கை பிளேட்டிலிருந்து குறைந்தது 150 மி.மீ. தள்ளி, அதற்கு எட்டாத சின்னத் துண்டைக் கிளாம்ப் பிடிக்கட்டும்.

பிசிறு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. தள்ளி வெட்டும்போது பல் கீழிருந்து மேலே வந்து வெளியேறுகிறது, ஆகவே மேல்முகத்தில்தான் பிசிறு அடிக்கும். குத்து வெட்டில் இது தலைகீழ். அடியிலும் ஃபென்ஸ் பக்கத்திலும் பிசிறும். ஷெல்ஃப் என்றால் நல்ல முகம் கீழே, குறுகிய சட்டம் என்றால் நல்ல முகம் மேலே. மைக்கா ஒட்டிய பலகையோ வெனீரோ இரண்டு முகமும் தெரியும் என்றால், ஆழத் தடுப்பை 2 மி.மீ.க்கு வைத்து மெதுவாக ஒரு கீறல் இழுங்கள். பிறகு தடுப்பை எடுத்துவிட்டு அதே கோட்டில் முழு ஆழத்தில் தள்ளுங்கள். இழுக்கலாம் என்று நான் சொல்வது இந்த 2 மி.மீ.க்கு மட்டும்தான்; அதுவும் பலகையைக் கிளாம்ப் பிடித்து, கையை விறைப்பாக வைத்து. ஃபென்ஸில் 12 மி.மீ. பிளைவுட் ஒன்றைத் திருகி அதையும் சேர்த்து வெட்டிவிட்டால் பின்பக்கப் பிசிறும் நின்றுவிடும்.

பிளேட்டில் பல் எண்ணிக்கையை எல்லோரும் கேட்கிறார்கள், பல்லின் சாய்கோணத்தை யாரும் கேட்பதில்லை. டேபிள் சாவுக்கு வரும் 15 முதல் 20 டிகிரி முன்சாய்வுப் பிளேடு ஸ்லைடிங்கில் மரத்தைத் தானாக இழுத்து ஏறும். −5 முதல் +5 டிகிரிக்குள் வாங்குங்கள். 10 அங்குலத்தில் பொதுவேலைக்கு 60 பல், மைக்காவுக்கும் சட்ட மூலைக்கும் 80. தேக்குப் பிசின் பல்லில் அப்பினால் மொக்கையாகிவிட்டது போலவே தெரியும். சாணைக்கு அனுப்புமுன் வெதுவெதுப்பான நீரில் சலவை சோடா கரைத்து, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகும்.

மின்சாரம்: 1600 வாட் மெஷின் ஓட்டத்தில் 7 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது இன்னும் அதிகம். 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள். 20 மீட்டர் எக்ஸ்டென்ஷனுக்கு வயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது.

இரட்டைச் சாய்வு (தலை இடம், வலம் இரண்டு பக்கமும் சாய்வது) வேண்டுமா என்றால், பத்தடி பீடிங்கைச் சின்ன அறையில் முனை மாற்றித் திருப்பிப் பார்த்தவர் வேண்டும் என்பார். அளவுகோலில் 31.6, சாய்வில் 33.9 என்று தனிக்குறி இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். அமெரிக்க வீடுகளில் சுவரும் கூரையும் சேரும் மூலைக்கு அடிக்கும் 38 டிகிரி மோல்டிங்கைப் படுக்கவைத்து வெட்டுவதற்கான குறி அது. நம் நிலைக்கும் சட்டத்துக்கும் 0, 45 இரண்டு தடுப்பும் துல்லியமாக உட்கார்ந்தால் போதும்.

12 அங்குலத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வது 4 அங்குலத் தூண், உத்தரம் என்று கனமான சட்டத்தையே நாள் முழுக்க நேராக அறுப்பவருக்கு. அந்த வேலையில் 300 மி.மீ. அகலம் தேவைப்படாது. தூசியிலும் மழைச்சாரலிலும் கிடக்கும் மெஷினில் துடைக்க ரெயில் இல்லாமல் இருப்பதே நல்லது.