முன்னால் மோவர், அதன் பின்னால் கொதிக்கும் ரேடியேட்டர்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்றிலிருந்து விருத்தாசலம் பக்கத்து நண்பர் ஒருவர் என்னை விடுவதாக இல்லை. "அண்ணே, நானும் ஒரு மினி டிராக்டர் எடுத்து, உங்களுடையதைப் போலவே முன்பக்கம் புல் வெட்டும் மோவர் மாட்டிவிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன். என் டிராக்டர் எஞ்சின் சூடேறி, அதன் தலைப்பகுதியை அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய், அதை மாற்றியதற்குப் பணம் கட்டிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் மேட்டில் எங்கள் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பழைய மரங்களை வேரோடு சாய்த்தது. அதன் பிறகு வைத்தவை எல்லாம் ஒட்டுக்கன்றுகள், பெரும்பாலும் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் விஆர்ஐ 3 ரகம். விதைக்கன்று போல உயர்ந்து வளராமல் தாழ்விலேயே கிளைத்துத் தரையைத் தொடுமளவுக்குக் குடை விரிக்கும். காய்ப்புக்கு நல்லது; டிராக்டர் ஓட்டுபவனுக்குத்தான் சோதனை. பின்னால் மாட்டிய மோவரை அந்தக் கிளைகளுக்கு அடியில் கொண்டுபோக வேண்டுமானால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். நேராக ஓட்டினாலோ, சக்கரம் மிதித்துப் படுத்த புல் கத்திக்குச் சிக்காமல் இரண்டு கோடுகளாக நிற்கும். கொக்கிக் கலப்பை போட்டால் மேலோடும் வேர்கள் அறுபடுகின்றன. மார்ச் மாதம் கொட்டை விழத் தொடங்கும்போது தரை தெளிவாக இல்லையென்றால் பொறுக்குபவர்களுக்குப் பாதி கண்ணில் படாது.

அதனால்தான் முன்பக்கம் மாட்டினேன். மாட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் பலரும் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

எங்கள் ஊர் மினி டிராக்டர்களில் முன்பக்க பிடிஓ, அதாவது எஞ்சின் சக்தியை வெளியே கருவிக்குத் தரும் சுழல் தண்டு, கிடையாது. எண்ணெய் அழுத்தத்தில் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டார் போட்டுவிடலாம் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய், 150 பார் அழுத்தம், பெருக்கி 600 ஆல் வகுத்தால் 5 கிலோவாட். ஏழு குதிரைத்திறன்கூட இல்லை. உலர்ந்த புல்லில் நான்கடி மோவரைச் சுற்ற அது போதாது. ஆகவே பின்பக்க பிடிஓவிலிருந்தே சக்தியை எடுத்து, ஒரு பெட்டி வழியாகக் கீழே இறக்கி, வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஷாஃப்ட் ஓட்டி முன்னால் கொண்டுவந்தோம். நடுவில் ஷாஃப்டைத் தாங்க, பேரிங் வைத்த ஒரு பிளம்மர் பிளாக்.

அந்தப் பெட்டிதான் உயிர்நாடி. பின்னால் மாட்டுவதற்காகச் செய்த மோவரைத் திருப்பி முன்னால் வைத்தால் கத்தி தலைகீழ்த் திசையில் சுற்றும். கூரான விளிம்புக்குப் பதிலாக மொட்டை விளிம்பு புல்லை அடிக்கும். பெட்டிக்குள் செயின் போட்டால் திசை மாறாது, தொல்லை அப்படியே இருக்கும். இரண்டு பல்சக்கரங்களை நேருக்கு நேர் கோத்தால் திசை மாறிச் சரியாகிவிடும். நடுவில் மூன்றாவது சக்கரம் வந்தால் மறுபடியும் பழைய திசைதான். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இதைச் செய்துகொடுத்த பெரியவர் இரும்பைத் தொடுவதற்கு முன்பே சாக்பீஸால் தரையில் படம் போட்டு இதை எனக்கு விளக்கினார். அந்த மனிதரின் கைவேலைக்கு இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. மோவரைத் தாங்கும் சட்டத்தையும் முன் பிராக்கெட்டோடு நிறுத்தாமல் பின் அச்சு வரை இழுத்து போல்ட் போட்டார். நம் டிராக்டர்களில் தனி சேசிஸ் இல்லை. எஞ்சினும் கியர் பெட்டியுமே முதுகெலும்பு. முழுச் சுமையையும் மூக்கில் மட்டும் தொங்கவிட்டால், எஞ்சினும் கிளட்ச் உறையும் சேரும் இடம் என்றாவது ஒருநாள் வாய் பிளக்கும். எஞ்சினிலிருந்து கத்திக்கு மட்டும் சக்தியை விடும் ஓவர்ரன்னிங் கிளட்ச்சையும் அவர்தான் வற்புறுத்திப் போட வைத்தார். அது இல்லையென்றால், கிளட்ச்சை மிதித்த பிறகும் சுழலும் கத்தியின் வேகமே வண்டியை முன்னே தள்ளும். மரம் நிற்கும் இடத்தில் அது விளையாட்டல்ல. பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியாயிற்று. ஸ்டீயரிங் கனத்துவிட்டது, பழகிவிட்டது.

இனி சந்தோஷத்தைச் சொல்கிறேன். வெட்டுவது கண்ணுக்கு நேரே நடக்கிறது! கிளைக்கு அடியில் மோவரை மட்டும் நுழைத்து, அடிமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தி, அப்படியே பின்வாங்கலாம். நான் வெளியே வெயிலில் நேராக உட்கார்ந்திருப்பேன். மிதிபடாத புல் நிமிர்ந்து நின்றே கத்திக்குள் போவதால் தரை சிரைத்த தலைபோல ஒரே சீராகிறது. கல் முன்கூட்டியே தெரிகிறது, கண்ணாடி விரியன் தெரிகிறது. ஒருமுறை புதருக்குள் மயில் முட்டைகள் தெரிந்தன. அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். பின்பக்க மோவராக இருந்திருந்தால் கூழாகிய பிறகுதான் தெரிந்திருக்கும். மாலையில் கழுத்து வலி இல்லை என்பதை மருந்து தேய்த்துவிடும் என் மனைவியிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்.

இத்தனை நல்லதையும் ரேடியேட்டர் கெடுக்கிறது.

டிராக்டரின் விசிறி முன்னாலிருந்து காற்றை இழுக்கிறது. மோவரும் முன்னால்தான் இருக்கிறது. மழைக்காலத்துப் பச்சைப் புல் ஈரத்தோடு மோவரின் மேல்தகட்டுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளுமே தவிர மேலே பறக்காது. பொங்கல் கழிந்து புல் காய்ந்ததும் கதை மாறுகிறது. சருகுத் தூள், செம்மண் புழுதி, இவற்றோடு வெட்டுக்காயப் பூண்டின் பஞ்சு விதை. இந்தப் பஞ்சைத்தான் நான் மனதார வெறுக்கிறேன். தாத்தாப் பூ என்று பிள்ளைகள் ஊதி விளையாடும் அது, ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையில் புகுந்து, புழுதியைப் பிடித்துக் கம்பளிபோல மூடிக்கொள்கிறது. வெப்பமானியின் ஊசி ஏறும். நிறுத்து, இறங்கு, துடை, ஆறவிடு, ஏறு. நான்கு வரிசை மரம் போவதற்குள் மறுபடியும் அதே கூத்து.

துடைப்பதாவது எளிதாக இருக்கக் கூடாதா? ரேடியேட்டருக்கு முன்னால் கம்பெனி ஒரு சல்லடைத் தட்டு வைத்திருக்கிறது. அதை உருவ வேண்டுமானால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். வயலில், வெயிலில், ஸ்பானரோடு! பின்னால் கலப்பை இழுப்பதற்காகச் செய்த வண்டியின் முன்னால் நான் மோவரை மாட்டிக்கொண்டு கம்பெனியைத் திட்டுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் காய்ந்த நிலத்தில் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஓட்டுபவனுக்கும் புழுதி வருகிறதே? கதிரடிக்கும் களத்தில் தூசி இல்லையா? கையால் உருவும் தட்டாக வைத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? இந்தக் கோபத்தில் நான் ஒரு படிகூட இறங்கமாட்டேன்.

கேஸ்கெட் போனதும் இதனால்தான். எப்போதும் ஓட்டும் தம்பி கெட்டிக்காரர். ஆனால் முன்னால் கத்தி சுற்றும்போது கண் அங்கேதான் இருக்கும். காலடிக்கு மேலே இருக்கும் சிறு ஊசியை யார் பார்ப்பார்கள்? நான் எதை மெச்சினேனோ அதுவேதான் எஞ்சினை வேகவைத்தது. இப்போது வெப்பம் ஏறினால் அலறும் பஸ்ஸர் ஒன்று பொருத்தியிருக்கிறேன். கிரில்லுக்கு வெளியே, கையால் உருவக்கூடிய மெல்லிய கம்பி வலை ஒன்றும் செய்திருக்கிறேன். பஞ்சு அதிலேயே நின்றுவிடுகிறது, ஒரு கை வீச்சில் உதிர்கிறது. உள்ளே போனதை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி கம்ப்ரசர் காற்றால் ஊத வேண்டும். வாட்டர் சர்வீஸில் வேகத் தண்ணீர் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். அப்புறம் காற்றும் போகாது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்களிடம் இருக்கப்போவது ஒரே டிராக்டர். ரோட்டவேட்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியைக் கழற்றி மாட்ட அரைநாள் போகும். அதற்கு ஆளும் வேண்டும், பொறுமையும் வேண்டும். வரி குறைந்த பணத்தில் முதுகில் மாட்டும் புல்வெட்டி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னுடையதை விற்பீர்களா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். விற்கமாட்டேன். தை மாதம் வந்தால் ஒருநாள் ஓட்டத் தருகிறேன். பேட்டரி கழற்ற பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள், என்னுடையது எங்கோ புல்லில் கிடக்கிறது.